மணி அடித்தால் ஊசி

1. ஐந்து வருடங்களுக்கு முன்பு, ஆடு வளர்ப்பவர்களுக்குத் தடுப்பூசி நாளை முந்தின மாலையே தொலைபேசியில் சொல்லும் வசதி ஒன்றைச் செய்தோம்.
2. முதல் வருடம் எல்லாரும் அழைப்பை எடுத்துக் கேட்டார்கள்.
3. மூன்றாம் வருடத்திலிருந்து ஏறக்குறைய யாரும் எடுக்கவில்லை.
4. சென்ற ஆவணியில் அந்த வசதியை ஓய்வுப் பட்டியலில் சேர்த்தேன்.
5. வசதி நிற்கப்போகிறது என்பதை எல்லாருக்கும் தெரிவித்தேன்.
6. ஒரு புகார் வந்தது. முடித்துவைத்தேன்.
7. புரட்டாசியில் ஊசி வண்டி போனது. ஒரு மந்தை வரவில்லை.
8. மழை பெய்தது. புல் முளைத்தது. அந்த மந்தையில் பதினான்கு குட்டிகள் செத்துப்போயின.

நடந்ததை எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டபோது இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். எட்டு வரியிலும் பொய் இல்லை. ஆனால் ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் இவ்வளவு சிறியதாக இருக்கக் கூடாது. அவற்றை விரித்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடியறையிலிருந்து வேலை செய்கிறேன். கம்பெனி சென்னையில் இருக்கிறது. கிராமங்களுக்கு ஊசி வண்டியும் கால்நடை மருத்துவரும் அனுப்பும் சேவை அது. எந்த வண்டி எந்த ஊருக்கு எப்போது போக வேண்டும், எந்த மந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் எங்கள் குழுவிடம் இருக்கிறது. பக்கத்துத் தெரு முழுக்க விசைத்தறிகள். வீடியோ கூட்டத்தில் நான் மைக்கைத் திறந்தால் சென்னைக்காரர்கள், அங்கே மழையா என்று கேட்பார்கள். தறிச் சத்தம் என்று முதலில் விளக்கிச் சொன்னேன். பிறகு ஆமாம், நல்ல மழை என்று சொல்லப் பழகிவிட்டேன்.

புதிதாக எதையும் கண்டுபிடிப்பது என் வேலை அல்ல. இருக்கிற வசதிகளுக்கு வயது பார்ப்பது என் வேலை. என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. அதில் ஐந்து கட்டங்கள்: புதியது, வளர்வது, நிலைத்தது, பொதுவானது, ஓய்வு. ஒரு வசதி பிறக்கும்போது அது எங்களிடம் மட்டும் இருக்கும். கொஞ்ச நாளில் மற்றவர்களும் செய்வார்கள். அதற்குப் பிறகு எல்லாப் போனிலும் அது தானாகவே வந்துவிடும். அப்புறம் அதை நாங்கள் தனியாக வைத்துப் பராமரிப்பதில் அர்த்தமில்லை. எங்கள் ஆப்பில் ஒரு காலத்தில் வானிலைப் பக்கம் இருந்தது. எல்லாப் போனிலும் வானிலை வந்தபின் அதை எடுத்தேன். சொந்தமாக ஒரு வரைபடம் வைத்திருந்தோம். அதையும் எடுத்தேன். யாரும் கேட்கவில்லை. ஒன்றை எடுத்த பின்பு யாருமே கேட்காமல் இருந்தால் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறேன் என்று பொருள். அப்படித்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். நானும் பிறகு வந்த இரண்டு பேருக்கு அப்படியே கற்றுக்கொடுத்தேன்.

குரல் அழைப்பு வேறு காலத்தில் பிறந்தது. மந்தைக்காரர்களில் பாதிப் பேரிடம் பட்டன் போன்தான் இருந்தது. அதில் ஆப் போட முடியாது. தமிழில் செய்தி அனுப்பினால் சில போன்களில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். ஆகவே பதிவு செய்த குரலில் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தோம். குழுவில் இந்தப் பக்கத்துப் பேச்சு பேசுகிற ஒரே ஆள் நான். குரல் என்னுடையதாயிற்று.

முதல் சோதனைக்கு மேலநீலிதநல்லூரைத் தாண்டி ஒரு ஊருக்குப் போனோம். ஊசி வண்டி ஓட்டும் அண்ணாச்சி அந்த ஊரில்தான் பெண் எடுத்திருந்தார். வண்டி ஓட்டுவது, மருத்துவருக்கு ஆட்டைப் பிடித்துக் கொடுப்பது, பிந்தி வருகிற மந்தைக்காரர்களைத் திட்டுவது எல்லாமே அவர் பொறுப்பு. அவர்தான் அந்த ஊரில் ஆடு வளர்க்கும் ஒரு பெண்ணை எனக்குக் காட்டினார். நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பதுக்குள் இருக்கும். கணவர் சிவகிரிப் பக்கம் ஒரு தோப்பில் காவல் இருந்தார், வாரத்துக்கு ஒரு நாள் வருவார். ஆடுகள் அக்காவுடையவை. இருபது உருப்படி இருந்தால் அதிகம். போனை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகியிருந்தார். நான் மடிக்கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினேன். அவர் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் என் வாயையே பார்த்தார்.

“ஏட்டி, நீ இங்கன வாய மூடிக்கிட்டுல்லா நிக்க? உள்ள யாரு பேசுதா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே நான் சொல்லிக்கொண்டிருந்தது இது: நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஊசி வண்டி உங்க ஊர் குளத்துக்கரைக்கு வருது, ஆடுகளக் கொண்டு வந்துருங்க, வாரதா இருந்தா ஒன்னை அமுக்குங்க. அக்கா ஒன்றை அழுத்தினார். நாளைக்கு வண்டி வருமில்லையா என்று கேட்டார். இல்லை, இது சும்மா சோதனை என்றேன்.

“சோதனைக்கு எதுக்குட்டி வருதுன்னு பொய் சொல்லுத?”

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு வந்த கேள்விகளையெல்லாம் குறித்துக்கொண்டேன். சத்தம் போதவில்லை, ஆண் குரல் வேண்டும், வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று ஒன்பது குறிப்புகள். அக்கா கேட்டது அதில் இல்லை. அதை நான் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் வருடம் நன்றாகப் போனது. எடுத்தார்கள், கடைசி வரை கேட்டார்கள், ஒன்றை அழுத்தினார்கள். ‘புதியது’ கட்டத்திலிருந்து ‘வளர்வது’ கட்டத்துக்கு, அங்கிருந்து ‘நிலைத்தது’ கட்டத்துக்கு நானே நகர்த்தினேன். மூன்றாம் வருடம் எடுப்பவர்கள் குறைந்தார்கள். நான்காம் வருடம் என் திரையில் ஊர் ஊராக ஒரே வாசகம் வந்தது: பதில் இல்லை. இதற்கிடையில் பலர் வீட்டில் ஆப் போடக்கூடிய போன் வந்திருந்தது. அதில் அறிவிப்பு தானாகவே வந்தது. பட்டன் போன்காரர்கள் மீதம் கொஞ்சம் பேர்தான். அவர்களும் எடுப்பதில்லை.

என் மேலாளர் சென்னையில் இருக்கிறார். நிதானமான பெண். எதையும் அவசரமாக முடிக்கச் சொன்னதில்லை. ஆட்டின் வாயைப் படம் எடுத்தால் நோயைக் கண்டுபிடிக்கும் புதிய வசதி ஒன்றுக்கு ஆள் தேவைப்பட்டது. பழையதில் எதை விடலாம் என்று கேட்டார். பட்டியலைத் திறந்தேன். குரல் அழைப்பு கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் அதைத் தாண்டிப் போகப் பார்த்தேன். பிறகு, என் குரல் என்பதால் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம் வந்த மாத்திரத்தில் முடிவும் ஆகிவிட்டது. சொந்த விருப்பத்துக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. ‘ஓய்வு’ கட்டத்துக்கு நகர்த்தினேன். காரணம் என்ற இடத்தில் ‘பயன்பாடு இல்லை’ என்று எழுதினேன். மேலாளர் ஒரு முறை கேட்டார், நிச்சயமா என்று. நான்கு வருடக் கணக்கைத் திரையில் காட்டினேன். ஒப்புக்கொண்டார்.

இனி ஐந்தாவது வரி.

ஒரு வசதியை நிறுத்துவதற்கு முன் அதைப் பயன்படுத்துபவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். அது விதி. ஆப் இருப்பவர்களுக்கு ஆப்பிலேயே சொன்னேன். பட்டன் போன்காரர்களுக்கு ஒரு கடைசி அழைப்பை ஏற்பாடு செய்தேன். மறுபடியும் நானே பேசினேன்: இனிமே இந்தப் போன் வராது, ஊசி நாள் தெரியணும்னா வண்டி அண்ணாச்சிகிட்ட கேட்டுக்கிடுங்க. எப்போதும் போல மாலை ஐந்து மணிக்கு, எப்போதும் அழைக்கிற அதே எண்ணிலிருந்து அனுப்பினேன். தெரிந்த எண் என்றால்தான் எடுப்பார்கள் என்று அதற்குக் காரணமும் எழுதிவைத்தேன். யாரும் எடுக்கவில்லை என்பதற்காகத்தான் அந்த வசதியையே நிறுத்துகிறேன். நிறுத்துவதைச் சொல்லவும் அதையே நம்பினேன். இது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. மாலை ஆறரை மணிக்குத் திரையில் வரிசையாக ‘பதில் இல்லை’ வந்தது. எதிர்பார்த்ததுதான் என்று ‘தெரிவிக்கப்பட்டது’ கட்டத்தில் டிக் போட்டேன்.

ஆறாவது வரி. மூன்று நாள் கழித்து ஒரு புகார் வந்தது. வண்டி அண்ணாச்சி குரல் செய்தியாக அனுப்பியதை, புகார் வாங்குகிற இடத்தில் இருப்பவர் ஒரே வரியில் தட்டச்சு செய்திருந்தார்: தவறான அழைப்பு போயிருக்கிறது, மந்தைகள் கரைக்கு வந்து காத்திருந்தன, வண்டி இல்லை. நான் படித்தேன். எந்த அழைப்பு என்று யோசிக்கவில்லை. அழைப்பு என்கிற வசதியே இனி இல்லை அல்லவா. ‘வசதி ஓய்வு பெற்றது. இனி நிகழாது. நடவடிக்கை தேவையில்லை’ என்று எழுதி மூடினேன். அதற்கு எனக்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். புகாரைச் சீக்கிரம் முடிப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

ஐப்பசி முதல் வாரம் அண்ணாச்சி எனக்கே நேராக ஒரு படம் அனுப்பினார். மழை பெய்து ஒரு வாரம் கடந்திருந்தது. படத்தில் பச்சைப் புல், அதன்மேல் வரிசையாகக் கிடத்திய குட்டிகள். கீழே எழுத்து எதுவும் இல்லை. நான் கூப்பிட்டேன். துள்ளுமாரி என்றார். முதல் மழைக்கு முளைக்கிற இளம்புல்லை வயிறு முட்ட மேய்கிற குட்டிகளுக்கு வருவது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் குட்டி ஒரு துள்ளு துள்ளி விழும். வைத்தியம் பார்க்க நேரம் கிடைக்காது. மழைக்கு முன்பே ஊசி போட்டிருந்தால் வராது. அதற்காகத்தான் புரட்டாசி வண்டி.

யாருடைய மந்தை என்று கேட்டேன். சொன்னார். மறுநாள் காலையில் அவருடைய வண்டியிலேயே போனேன்.

வழியில் அண்ணாச்சி புரட்டாசியில் நடந்ததைச் சொன்னார். அவருக்கும் ஒரு குறுகுறுப்பு இருந்தது தெரிந்தது. புரட்டாசியில் அந்த ஊருக்குப் போனபோது அக்கா மந்தை வராததைப் பார்த்தார். பனவடலிசத்திரம் பக்கம் ஓட்டிப் போயிருப்பாள் என்று நினைத்து, பட்டியலில் ‘வரவில்லை’ என்று போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அழைப்பு நின்றுபோனது அவருக்கும் தெரியாது. ஆப்பில் மாற்றங்களின் பட்டியலில் நாலாவதாகப் போட்டிருந்தேன். அதையெல்லாம் யார் வாசிக்கா என்றார்.

அக்கா குளத்துக்கு மேற்கே ஒரு தரிசில் நின்றுகொண்டிருந்தார். குட்டிகளைப் புதைத்த இடம் வேலியோரம் ஈரமாகத் தெரிந்தது. மீதி ஆடுகளை அன்றைக்குப் புல் பக்கம் விடாமல் மறித்துக் காய்ந்த தீவனம் போட்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

“போன்காரப் புள்ளைல்லா. வா மக்கா. வெயில்ல நிக்காத.”

நான் கேட்பதற்கு முன்பே அவரே சொல்ல ஆரம்பித்தார். கோபமாகச் சொல்லவில்லை. நாள் நாளாக, வரிசையாகச் சொன்னார். ஆவணிக் கடைசியில் ஒரு சாயங்காலம் போன் அடித்தது. மறுநாள் விடியும் முன்பே கிளம்பி, இரண்டு மைல் மந்தையை ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்தார். அவரைப் போல இன்னும் மூன்று பேர் வந்திருந்தார்கள். பத்து மணி வரை நின்றார்கள். வண்டி வரவில்லை. அண்ணாச்சிக்குப் போன் போட்டபோது, இன்றைக்கு உங்கள் ஊர் இல்லையே, ஏதோ தப்பாக அடித்திருக்கும் என்றார். மந்தை மேய்ச்சல் இல்லாமல் திரும்பியது. பிறகு புரட்டாசியில் ஒரு நாள் காலையில், வண்டி வந்திருக்கிறது என்று பக்கத்து வயல்காரர் சொன்னார். ஆவணியில் கூட நின்ற மூன்று பேரும் அதைக் கேட்டுப் போனார்கள். அக்கா போகவில்லை.

ஏன் என்று கேட்டேன்.

“ரிங் வரலியே. ரிங் வந்த அன்னைக்கே வண்டி வரல. ரிங்கே வராம எவனோ சொன்னான்னு பால்குடிக் குட்டியளையும் பத்திக்கிட்டுப் போகவா? நமக்கு உள்ளது அடிக்கும்னு இருந்தேன்.”

போன் அடித்தால் எடுத்துக் கேட்பதில்லையா என்று கேட்டேன். என் கணக்குப்படி அவர் மூன்று வருடமாக எடுக்கவில்லை.

ஒன்றும் விளங்காத ஆளைப் பார்ப்பது போல அக்கா என்னைப் பார்த்தார். “என்னத்தக் கேக்க? அதே பேச்சுதான. பள்ளிக்கூடத்துல பெல் அடிச்சா புள்ளைக வீட்டுக்கு ஓடுது. பெல்லுகிட்டப் போயி என்ன சொன்னேன்னா கேக்கும்? சாயங்காலம் மணி அடிச்சா விடிஞ்சா ஊசி. இதுல எடுக்கதுக்கு என்ன இருக்கு?”

அண்ணாச்சி பக்கத்தில் தொண்டையைச் செருமினார். எடுக்க வேண்டாம் என்று முதலில் சொன்னதே அவர்தானாம். இரண்டாம் வருடம் மழை நேரத்தில் எல்லாரும், ஒன்றை அழுத்த மறந்துவிட்டோமே, வண்டி வருமா என்று மாற்றி மாற்றி அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் நான் வருவேன், அடித்தால் கரைக்கு வந்துவிடுங்கள், போனைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அது அவருடைய எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டது. அலுவலகத்தில் சொன்னீர்களா என்றேன். யாரும் கேக்கலியே என்றார்.

மூன்று வருடமாக நான் ‘பதில் இல்லை’ என்று பார்த்துக்கொண்டிருந்தது அதுதான். அவர்கள் அந்த வசதியை விட்டுவிடவில்லை. எடுத்துக் கேட்கத் தேவையில்லாத அளவுக்குப் பழகியிருந்தார்கள்.

அக்கா ஆடுகள் பக்கம் திரும்பி நின்றார். அந்த வருடம் ஐம்பதைத் தாண்டியிருந்ததாம். அறுவடை முடிந்த வயலில் எருவுக்காக ஆடுகளை இரவில் அடைப்பதைக் கிடை போடுவது என்பார்கள். கொஞ்சம் ஆடுகளை வைத்திருப்பவர்களை யாரும் கிடைக்குக் கூப்பிட மாட்டார்கள். பெரிய மந்தையோடு சேர்த்துத்தான் போட முடியும். அக்கா இத்தனை வருடமும் கொழுந்தன் மந்தையோடு சேர்ந்துதான் போட்டார். எந்த வயல், எத்தனை நாள், எந்தப் பக்கம் மேய்ச்சல் என்பதெல்லாம் கொழுந்தன் சொல்வதுதான். அந்தக் குட்டிகள் தேறியிருந்தால் தை அறுவடைக்கு அக்கா தனிக்கிடை போடுவதாக இருந்தது. மேலநீலிதநல்லூரில் ஒரு வயல்காரரிடம் பேசியும் வைத்திருந்தார்.

“எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாருட்டி அவரு. அவ கிடைன்னு சொன்னாரு” என்றார் அக்கா.

எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பேருந்தில் போயிருந்தால் வழியில் வாசகத்தைத் தயார் செய்திருப்பேன். அண்ணாச்சியின் வண்டியில் போனதால் தயார் செய்யவில்லை.

“அக்கா, மணிய நிறுத்துனது நான்தான். ஆவணியில அடிச்சது, இனிமே அடிக்காதுன்னு சொல்லுததுக்கு அடிச்சது. அதையும் நான்தான் போட்டேன்.”

ஒரு ஆடு மறிப்பைத் தாண்டப் பார்த்தது. அக்கா அதைக் கம்பால் தடுத்து உள்ளே தள்ளிவிட்டு வந்தார்.

“உனக்கு மேல ஆளு இல்லியா?”

“இருக்காங்க. ஆனா லிஸ்ட்டுல போட்டது நான்.”

“போட்டத எடுக்க முடியுமா?”

“முடியும்.”

“அப்ப எடு” என்றார். அப்புறம் அண்ணாச்சியிடம் மீதி ஆடுகளுக்கு ஊசி எப்போது என்று கேட்டார். மருத்துவர் மாலையில் வருகிறார் என்றார் அண்ணாச்சி. என்னிடம் அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் செய்வதற்கு ஏதாவது இருந்திருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வண்டிக்கு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மாடிக்குப் போனேன். அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஒன்றரை மணிக்கு என் போன் இரண்டு முறை அடித்து நின்றது. எழுந்து கீழே இறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது.

கீழே இருந்து அம்மா கூப்பிட்டால் தறிச் சத்தத்தில் மாடிக்குக் கேட்காது. சோறு வைத்துவிட்டால் போனில் இரண்டு ரிங் கொடுப்பார். நான் இறங்கி வருவேன். ஒரு நாளும் எடுத்ததில்லை. எடுத்தால், எதுக்கு எடுக்க, காசா கொட்டிக் கிடக்கு என்று பழைய காலத்து நினைப்பில் திட்டுவார். படியில் நின்றபடியே அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். அம்மா, தவறிய அழைப்பு. அம்மா, தவறிய அழைப்பு. விரலால் தள்ளத் தள்ள நாள்தோறும் சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. யாராவது என் வீட்டைத் திரையில் பார்த்திருந்தால், இந்தப் பெண்ணும் தாயும் பேச்சுவார்த்தையில் இல்லை என்று எழுதியிருப்பார்கள்.

“என்னட்டி படியில நிக்க? சோறு ஆறுது” என்றார் அம்மா.

நான் கல்லூரிக்குப் போன காலத்தில் அப்பா பேருந்து நிலையத்தில் நின்று ஒரு ரிங் கொடுப்பார். வந்துவிட்டேன், வெளியே வா என்று அர்த்தம். இந்த ஊரில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. சென்னையில் இருக்கும் மேலாளருக்குத் தெரியாமல் இருந்தது நியாயம். நான் அந்த வேலையில் இருந்ததற்கே காரணம் இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதுதான்.

அன்று மாலை வேறொரு கணக்கை எடுத்தேன். மருத்துவர் ஒவ்வொரு மந்தைக்கும் முதல் ஊசி போட்ட நேரம் எங்களிடம் பதிவாகும். முந்தின மாலை அழைப்பு போன நாட்களையும் மறுநாள் முதல் ஊசி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எடுக்காதவர்கள் எல்லாரும் மறுநாள் ஆறு மணிக்குக் கரையில் இருந்திருக்கிறார்கள். ஏதோ கோளாறில் அழைப்பு போகாத ஒன்றிரண்டு நாட்களில் மட்டும் வரவில்லை. புதிதாக எதையும் சேகரிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் என் கையிலேயே இருந்தது. அழைப்பை எடுத்தார்களா என்று மட்டும் பார்த்தேன். மறுநாள் வந்தார்களா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கூட்டத்தில் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூடிய புகாரையும் திறந்து காட்டினேன். அவர் நீண்ட நேரம் படித்தார். கடைசியில், ஒப்புதல் கொடுத்தது நான், அறிக்கையில் என் பெயரும் வர வேண்டும் என்றார். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. மைக்கைத் திறந்துதான் வைத்திருந்தேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மழையா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

அழைப்பைத் திரும்பக் கொண்டுவர நான்கு நாள் ஆனது. என் குரலை எடுத்துவிட்டு வெறும் ரிங்காக வைத்துவிடலாமா என்று யோசித்தேன். அண்ணாச்சியிடம் கேட்டேன், இந்த முறை நானே கேட்டேன். புதிதாகச் சேருகிறவன் ஒரு தடவை கேட்க வேண்டுமே, இருக்கட்டும் என்றார். எங்கள் கணக்கில் வராத அவருடைய வேறு இரண்டு பழக்கங்களையும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பட்டியலில் ‘பொதுவானது’ என்ற கட்டத்துக்கும் ‘ஓய்வு’ என்ற கட்டத்துக்கும் நடுவில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: இது ஒரு நாள் வராவிட்டால் யார் எங்கே காத்துக்கொண்டு நிற்பார்? பதில் எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாது. வண்டியில் போய் வந்தவர்களிடம் கேட்காமல் அந்தப் பதிலை எழுத முடியாது. சிலர் இதனால் வேலை மெதுவாகிறது என்கிறார்கள். மெதுவாகத்தான் ஆகிறது.

கம்பெனி குட்டிகள் வாங்கித் தர முன்வந்தது. அக்கா முதலில் வேண்டாம் என்றார். பிற மந்தைக் குட்டி இங்கே ஒட்டாது என்றார். தை கழிந்தபின் ஆறு பெட்டைக் குட்டிகளை மட்டும் வாங்கிக்கொண்டார். அவரே போய்ப் பார்த்து எடுத்தார்.

இப்போது ஆனி மாதம். நேற்று மாலை ஐந்து மணிக்கு அந்த ஊருக்கு அழைப்பு போனது. அக்கா எடுக்கவில்லை. திரையில் ‘பதில் இல்லை’ என்று வந்தது. இன்று காலை ஆறு மணிக்கு அவருடைய ஆடுகள் கரையில் நின்றன, ஊசி போட்டாயிற்று என்று அண்ணாச்சி சொன்னார். அக்காவிடம் இப்போது நாற்பத்தைந்து ஆடுகள் இருக்கின்றன. தை அறுவடைக்குக் கொழுந்தன் மந்தையோடு சேர்ந்துதான் கிடை போட்டார். மேலநீலிதநல்லூர் வயல்காரர் வேறு மந்தைக்காரரை வைத்துக்கொண்டுவிட்டார். அடுத்த தைக்குக் கேட்டுப் பார்க்கப்போவதாக அக்கா அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார். வரும் புரட்டாசி ஊசிக்கான அழைப்பின் பொறுப்பை என் பெயரில் போட்டுவைத்திருக்கிறேன்.